அத்தியாயம் 6: சங்கப் பதிவேடுகளுக்கு மதிப்பு வைத்துக் காப்புறுதி செய்தல்

நெடுந்தீவிலோ அயல் தீவுகளிலோ ஒரு சங்கத்தின் செயலாளராக, பொருளாளராக இருப்பவருக்கு இந்த அத்தியாயம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், ஆலய பரிபாலன சபை, பங்கு அலுவலகம் என்று எதுவானாலும், உங்கள் அலுமாரிக்குள் அங்கத்தவர் பதிவேடும் கூட்ட அறிக்கைக் கொப்பியும் காணி உறுதியும் இருக்கின்றன. கட்டடத்துக்கும் தளபாடங்களுக்கும் காப்புறுதி எடுத்திருக்கலாம். அது அலுமாரிக்குள் இருக்கும் எழுத்துக்கும் சேரும் என்று நம்பியிருந்தால், இன்றே பத்திரத்தை எடுத்து வாசியுங்கள்.

பாடசாலை, பிரதேச செயலகம், கிராம அலுவலர் அலுவலகம் ஆகியவற்றின் ஆவணங்கள் அரச பதிவேடுகள். அவை 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் காப்பகச் சட்டத்துக்கு உட்பட்டவை. அவற்றை அழிப்பதற்கும் இடம் மாற்றுவதற்கும் வேறு நடைமுறை உண்டு. அங்கே பொறுப்பில் இருப்பவர்கள் இங்குள்ள படிகளைத் தாமாகத் தொடங்காமல் மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதியைப் பெற வேண்டும்.

பத்திரத்தில் முதலில் தேட வேண்டிய வரி

தீக் காப்புறுதிப் பத்திரங்களில் பொதுவாக ஒரு விலக்குப் பட்டியல் இருக்கும். கையெழுத்துப் பிரதிகள், வரைபடங்கள், உறுதிகள், கணக்குப் புத்தகங்கள், கணினிப் பதிவுகள் முதலியவை, தனியாகப் பெயர் குறித்துச் சேர்த்திருந்தாலன்றி, காப்புறுதிக்குள் வரமாட்டா என்று அதில் எழுதியிருக்கும். சேர்த்துக்கொண்டாலும் ஒரு வரம்பு உண்டு. எழுதுதாளின் விலையும் அதைத் திரும்ப எழுதுபவரின் கூலியும் மட்டுமே கிடைக்கும். அந்தத் தாளில் இருந்த தகவல் உங்களுக்கு எவ்வளவு பெறுமதி என்பதை நிறுவனம் கணக்கில் எடுக்காது.

அங்கத்தவர்களின் சேமிப்பு 80 இலட்சம் ரூபா என்று காட்டும் பேரேடு எரிந்துபோனால் 80 இலட்சம் கிடைக்காது. அந்தப் பேரேட்டை மறுபடி எழுதிமுடிக்க ஆகும் செலவு எதுவோ, அதைத்தான் கேட்கலாம். ஆகவே நீங்கள் மதிப்பிட வேண்டியது ஒன்றே: இதைத் திரும்ப எழுத என்ன செலவாகும்?

திரும்ப எழுதவே முடியாத பதிவேட்டுக்கு என்ன செய்வது? 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. கட்டடம் மீண்டும் எழுந்தது, அலுமாரிகளில் புதிய நூல்களும் வந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதிருந்த சுவடிகளை எந்தத் தொகையாலும் மீட்க முடியவில்லை. அப்படிப்பட்ட பதிவேட்டுக்குக் காப்பு அதன் பிரதிதான். எனவே வேலையின் ஒழுங்கு இது: முதலில் பட்டியல், அடுத்தது பிரதி, பிறகு மதிப்பு, கடைசியில்தான் காப்புறுதி. பிரதி எடுத்து முடித்தால் திரும்ப எழுதும் செலவு குறையும். காப்புறுதித் தொகையும் அதற்குரிய தவணைக் கட்டணமும் கூடவே குறையும்.

படி 1: பட்டியல் போடுங்கள்

1. அலுமாரி, பெட்டகம், மேசை லாச்சி, முன்னாள் செயலாளரின் வீடு என்று பதிவேடு இருக்கக்கூடிய எல்லா இடத்தையும் எழுதுங்கள். கடைசி இடத்தை மறக்க வேண்டாம். பொறுப்பு மாறும்போது கைமாறாத கொப்பிகள் அங்கேதான் இருக்கும்.

2. ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் கொடுங்கள். பெயர், தொடங்கிய ஆண்டு, முடிந்த ஆண்டு, பக்க எண்ணிக்கை, இப்போதைய நிலை ஆகியவற்றைக் குறியுங்கள். இலக்கத்தைப் பென்சிலால் உள்பக்க மூலையில் எழுதுங்கள். பசை நாடாவால் ஒட்டினால் சில ஆண்டுகளில் அது தாளைக் கறையாக்கும்.

3. எந்த மையால் எழுதப்பட்டது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். ஊற்றுப்பேனை மை ஈரம் பட்டால் கரையும். குமிழ்முனைப் பேனா பெரும்பாலும் தாங்கும். வெள்ளம் வந்த நாளில் எதை முதலில் தூக்குவது என்று இந்த ஒரு குறிப்பே சொல்லிவிடும்.

4. அலுமாரியைத் திறந்தபடி, மூடியபடி, சுவரோடு சேர்த்து, கூரை தெரியும்படி படம் எடுங்கள். இழப்புக் கோரிக்கையின்போது இவை சாட்சி.

5. பட்டியலை நிர்வாகக் கூட்டத்தில் வாசித்து, கூட்ட அறிக்கையில் பதிந்து, தலைவரிடமும் பொருளாளரிடமும் கையொப்பம் வாங்குங்கள். ஒரு பிரதி தீவுக்கு வெளியே போக வேண்டும். பதிவேட்டோடு பட்டியலும் எரிந்தால் என்ன இருந்தது என்பதையே நிறுவ முடியாமற்போகும்.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

முதற் பிரிவு, *வேறிடத்தில் பிரதி உள்ளவை.* பதிவு செய்யப்பட்ட காணி உறுதியின் இரண்டாம் பிரதியை நொத்தாரிசு காணிப் பதிவகத்துக்கு அனுப்பியிருப்பார். அங்கிருந்து உறுதிப்படுத்திய பிரதி பெறலாம். வங்கிக் கூற்றுகளை வங்கி தரும். கூட்டுறவுத் திணைக்களத்துக்கு அனுப்பிய ஆண்டுக் கணக்கறிக்கையும் இதில் சேரும். இவற்றின் மதிப்பு, பிரதிக் கட்டணமும் யாழ்ப்பாணம் போய்வரும் செலவும்தான். ஆனால் பழைய உறுதிகளைச் சோதிக்காமல் இந்தப் பிரிவில் போடாதீர்கள். பதிவகத்தில் உங்கள் உறுதியின் பதிவு உண்மையில் இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் தேடிப் பார்த்து, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள். போரும் இடம்பெயர்வும் கண்ட மாவட்டத்தில் இருக்கும் என்ற அனுமானம் போதாது.

இரண்டாம் பிரிவு, *பாடுபட்டால் திரும்ப எழுதக்கூடியவை.* சேமிப்புப் பேரேடு, கடன் பதிவேடு, அங்கத்தவர் பதிவேடு. அங்கத்தவர்களின் பாஸ் புத்தகம், பற்றுச்சீட்டின் அடிக்கட்டை, கணக்காய்வு அறிக்கை ஆகியவற்றைக் கொண்டு இவற்றை மீளக் கட்டலாம். காப்புறுதி உண்மையில் பயன்படுவது இந்தப் பிரிவுக்குத்தான்.

மூன்றாம் பிரிவு, *திரும்பப் பெறவே முடியாதவை.* பழைய கூட்ட அறிக்கைகள், ஆலயத் திருப்பணிக் கணக்கு, ஏட்டுச் சுவடி, திருமுழுக்குப் பதிவேடு, விழாப் படங்கள். திருமுழுக்குப் பதிவேட்டுக்கு ஆயர் இல்லத்தில் பிரதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் இங்கேயே வையுங்கள்.

இரண்டாம் பிரிவில் ஒவ்வொரு பதிவேட்டுக்கும் எதிரே, “எங்கிருந்து திரும்ப எழுதுவோம்?” என்று ஒரு நிரல் சேருங்கள். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் படையினரின் சேவைக் கோவைகள் இருந்த கட்டடம் தீப்பிடித்தது. 1 கோடி 60 இலட்சத்துக்கும் 1 கோடி 80 இலட்சத்துக்கும் இடைப்பட்ட கோவைகள் அழிந்தன. பிரதியும் இல்லை, மைக்ரோபிலிமும் இல்லை. சம்பளப் பற்றுச்சீட்டு முதலான பிற அலுவலகங்களின் தாள்களைத் தேடித்தான் ஒவ்வொருவரின் சேவையையும் நிறுவ வேண்டியிருந்தது. உங்கள் சங்கத்துக்கு அந்தப் பிற தாள்கள் எவை என்பதை இழப்புக்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள். அந்த நிரல் வெறுமையாக இருந்தால், அந்தப் பதிவேடு மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது.

படி 3: பிரதி எடுத்துத் தீவுக்கு வெளியே வையுங்கள்

மூன்றாம் பிரிவில் தொடங்குங்கள். ஸ்கானர் இல்லாவிட்டால் நல்ல கைத்தொலைபேசி போதும். பகல் வெளிச்சத்தில், நிழலில், பக்கத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். பக்க ஒழுங்கு தொடர்கிறது என்பதற்கு அது சான்று. ஒரு கொப்பி முடிந்ததும் பக்க எண்ணிக்கையையும் பட எண்ணிக்கையையும் ஒப்பிட்ட பிறகே அடுத்ததைத் திறவுங்கள்.

பிரதிகளை மூன்று இடத்தில் வைக்கலாம். ஒன்று சங்கக் கணினியில். இன்னொன்று யாழ்ப்பாணத்தில், வங்கிப் பெட்டகத்திலோ சமாசத்திலோ ஆயர் இல்லத்திலோ. மற்றொன்று வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கத்தின் பொறுப்பில். விழா மலர், பழைய துண்டுப்பிரசுரம், ஊர் வரலாறு போன்ற பொதுவானவற்றுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தை அணுகலாம். அங்கத்தவரின் கடன், சேமிப்பு, அடையாள அட்டை விபரம் உள்ள பக்கங்களைப் பொதுவில் இடவே கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்பினாலும் கடவுச்சொல் இட்டு அனுப்புங்கள்.

*அவதானம்:* மின்பிறப்பாக்கியில் இருந்து வரும் மின்சாரம் ஏறி இறங்கும்போது கணினியில் செருகியபடியே விட்ட வன்தட்டு பழுதாகலாம். வேலை முடிந்ததும் கழற்றி, மூடிய பெட்டியில் வையுங்கள். மின் ஏற்ற இறக்கத்தால் வரும் பழுதைச் சாதாரணத் தீக் காப்புறுதி ஏற்பதில்லை.

மூலப் பதிவேட்டைக் கடல் கடந்து கொண்டுபோக வேண்டி வந்தால்:

1. கடல் அடங்கியிருக்கும் மாசி முதல் சித்திரை வரையான காலத்தைத் தெரிவு செய்யுங்கள். சோளகம் பெயர்ந்து வீசும் நாளிலும் வாடைக் காலத்திலும் வேண்டாம்.

2. இரண்டு பொலித்தீன் பைகளில் தனித்தனியே கட்டி, இறுக மூடும் பிளாஸ்ரிக் வாளிக்குள் வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள்.

3. மூலமும் அதன் பிரதியும் ஒரே படகில் போகக் கூடாது.

4. கட்டடத்துக்கு எடுத்த காப்புறுதி மாவலித் துறைக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் செல்லாது. பயணத்துக்குத் தனிக் காப்புறுதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

படி 4: ரூபாவில் மதிப்பு வையுங்கள்

ஒரு எடுத்துக்காட்டை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். இது முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட கணக்கு. கூலியையும் விலையையும் உங்கள் ஊர் நிலவரப்படி மாற்றுங்கள்.

ஒரு கடற்றொழிலாளர் சங்கம், 400 அங்கத்தவர், சேமிப்புப் பேரேடு 6. எல்லாம் எரிந்தால் பாஸ் புத்தகங்களைச் சேகரித்துத் திரும்ப எழுத வேண்டும்.

1. *எழுதும் நேரம்.* ஒருவரின் கணக்குக்கு 20 நிமிடம். 400 பேருக்கு 8,000 நிமிடம், அதாவது 133 மணித்தியாலம். நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் உருப்படியாக எழுதினால் 23 நாள். நாட்கூலி 2,500 ரூபா என்றால் 57,500 ரூபா.

2. *சரிபார்க்கும் நேரம்.* இன்னொருவர் ஒப்புநோக்க 12 நாள்: 30,000 ரூபா. இந்த வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சரிபார்க்காத பேரேட்டை எந்தக் கணக்காய்வாளரும் ஏற்கமாட்டார். ஆகவே இதைத் துணிந்து சேருங்கள்.

3. *புதிய பேரேடுகள்.* 6 பேரேடு, தலா 1,500 ரூபா: 9,000 ரூபா.

4. *போக்குவரத்து.* வங்கிக்கும் திணைக்களத்துக்கும் 10 தடவை போய்வர, படகு, பஸ், சாப்பாடு சேர்த்துத் தலா 1,500 ரூபா: 15,000 ரூபா.

5. *சத்தியக்கடதாசி, உறுதிப்படுத்திய பிரதி, கணக்காய்வாளர் கட்டணம்:* 20,000 ரூபா.

கூட்டினால் 1,31,500 ரூபா. விலையேற்றத்துக்கு நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால் 1,44,650. ஆகவே காப்புறுதித் தொகை 1,45,000 ரூபா. இதை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுங்கள். “ஆவணங்கள்: 1,45,000” என்று வெறுமனே எழுதினால், இழப்பு வந்த பிறகு கூலி மட்டுமே எழுத்துவேலை, பயணம் அதில் சேராது என்ற வாதம் கிளம்பும். நான்காம், ஐந்தாம் வரிகளை ஏற்கிறோம் என்று நிறுவனம் எழுத்தில் தந்தால்தான் அவை உங்களுடையவை.

மூன்றாம் பிரிவுக்கு இப்படிக் கணக்கிட முடியாது. பிரதி எடுத்த பின் அவற்றைப் பழுதுபார்க்க, அதாவது உலர்த்த, சுத்தம் செய்ய, கட்டுப்போட ஆகும் செலவுக்கு ஒரு தொகையைக் குறிக்கலாம். ஏட்டுச் சுவடிக்கும் பழம்பொருளுக்கும் சில நிறுவனங்கள் முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்ட பெறுமதியில் காப்புறுதி தருவதுண்டு. அதற்குத் துறை அறிந்த ஒருவரின் மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும்.

குறைத்துப் போடுவதன் ஆபத்து

தவணைக் கட்டணத்தை மிச்சம்பிடிக்கத் தொகையைக் குறைத்துப் போடுவதுதான் சங்கங்களுக்கு மிகுந்த பாதிப்பைத் தரும் தவறு. பத்திரத்தில் சராசரி நிபந்தனை என்று ஒன்று இருக்கும். உண்மை மதிப்பு 6 இலட்சம். நீங்கள் போட்டது 3 இலட்சம். நேர்ந்த சேதம் 2 இலட்சம். சேதம் 3 இலட்சத்துக்கு உட்பட்டதுதானே என்று முழு 2 இலட்சத்தை எதிர்பார்ப்பீர்கள். கிடைப்பது 1 இலட்சம். பாதி மதிப்புக்குக் காப்புறுதி செய்ததால் ஒவ்வொரு சேதத்திலும் பாதிதான். சிறிய சேதத்துக்கும் இதே விகிதம்.

படி 5: கையொப்பமிடும் முன் கேட்க வேண்டியவை

முகவர் நல்லவராக இருக்கலாம். ஆனாலும் வாய்ச்சொல் பத்திரத்தில் ஏறாது. பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழ் விளக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

1. ஆவணங்கள் தனி உருப்படியாகப் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டுள்ளனவா? கணினிப் பதிவுகளும் அதில் உண்டா?

2. புயல், பெருமழை, வெள்ளம், கடல்நீர் உட்புகுதல் ஒவ்வொன்றும் சொல்லப்பட்டுள்ளதா? தீயும் மின்னலும் மட்டுமுள்ள பத்திரம் தீவுக்குப் போதாது. 1964 டிசம்பர்ப் புயலைக் கண்ட கடல் இது. 2008 நவம்பரில் நிஷாவும் 2020 டிசம்பரில் புரெவியும் யாழ் மாவட்டத்தை நனைத்தன.

3. கலவரம், பணிநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பு சேர்க்கப்பட்டதா? இந்தக் காப்பின் பின்னால் இருப்பது 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம். யுத்தத்தால் வரும் அழிவுக்கு இதிலும் இடமில்லை.

4. ஒவ்வொரு இழப்பிலும் நாங்களே ஏற்க வேண்டிய முதற்தொகை எவ்வளவு? அது 50,000 ரூபா என்றால் சிறு சேதத்துக்குப் பத்திரம் உதவாது.

5. படகு ஓடாத நாளில் இழப்பு மதிப்பீட்டாளர் வர முடியாவிட்டால், படம் எடுத்து வைத்துவிட்டு நாங்களே உலர்த்தத் தொடங்கலாமா? தீவுக்காரருக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. ஆம் என்ற பதிலைக் கடிதமாகப் பெறுங்கள்.

நீங்கள் மறைக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு. கிடுகுக் கூரை, அயலில் சமையற்கட்டு, எல்லாவற்றுக்கும் மேலாகப் படகு எரிபொருள். மண்ணெண்ணெய்க் கலன்கள் சங்க அறையிலேயே இருந்து, அதை விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டிருந்தால், தீயின் பிறகு கோரிக்கை முழுவதும் நிராகரிக்கப்படலாம். முதலில் எரிபொருளை வேறு கட்டடத்துக்கு மாற்றுங்கள், பிறகு விண்ணப்பியுங்கள்.

காப்புறுதி ஏற்காத எதிரிகள்

கறையான், இராமபாணப் பூச்சி, எலி, பூஞ்சணம், உப்புக்காற்றில் துருப்பிடித்த கிளிப், ஆண்டாண்டாகச் சேரும் ஈரம். மெல்ல நடக்கும் இந்த அழிவுகளுக்கு வழக்கமான பத்திரம் எதுவும் பணம் தராது. இவற்றுக்கு உங்கள் கைதான் காவல். அலுமாரியைப் பவளக்கல் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளியும் நிலத்தில் இருந்து ஒரு முழமாவது உயர்த்தியும் வையுங்கள். இரும்புக் கிளிப்பைக் கழற்றி நூலால் கட்டுங்கள். மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். கறையான் மருந்தை நிலத்துக்கும் சுவர் அடிக்கும் போடலாம்; தாளில் தெளிக்கக் கூடாது. மண்ணெண்ணெய் பூசுவது தீயை வலிய அழைப்பது.

சேதம் நடந்த நாளில்

1. ஆட்களின் உயிர் முதலில். மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று என்று உறுதியாகும்வரை ஈரமான அறைக்குள் யாரும் போகக் கூடாது. எரிந்த கூரையின் கீழும் அப்படியே.

2. எதையும் தொடும் முன் படம் எடுங்கள். பிறகு காப்புறுதி நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அறிவித்து, அன்றே எழுத்திலும் அனுப்புங்கள். தீ, களவு, நாசவேலை என்றால் பொலிஸ் முறைப்பாடும் வேண்டும்.

3. ஈரத்தாளில் 48 மணித்தியாலத்துக்குள்ளேயே பூஞ்சணம் தொடங்கலாம். கடல்நீர் பட்ட, குமிழ்முனைப் பேனாவில் எழுதிய கொப்பியை மூடியபடி நல்ல தண்ணீரில் மெதுவாக அலசலாம். கிணற்று நீர் உவராக இருந்தால் அது உதவாது. குடிதண்ணீரில் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஊற்றுப்பேனை மையை அலசவே கூடாது.

4. கொப்பியை விரித்து நிமிர்த்தி, மின்விசிறியின் காற்று அறைக்குள் உலாவ, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் தாள் முறுகும், மை மங்கும். பக்கங்களுக்கு இடையே அச்சில்லாத வெள்ளைத் தாளை வைத்து அடிக்கடி மாற்றுங்கள். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம்.

5. இரண்டு நாளுக்குள் உலர்த்தி முடியாத அளவு இருந்தால், பொலித்தீனில் சுற்றி உறைகுளிர்ப் பெட்டியில் வையுங்கள். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது. ஆறுதலாக ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம்.

6. கருகிய தாளைக் கையால் தூக்காமல் அடியில் மட்டையைச் செருகித் தூக்குங்கள். பூஞ்சணம் கண்ட தாளைத் தொடும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையில் சேரக் கூடாது.

7. ஒரு துண்டையும் எறியாதீர்கள். இனி உதவாது என்று தெரிந்தாலும் மதிப்பீட்டாளர் பார்த்து எழுதும்வரை அது உங்கள் சான்று.

கோரிக்கைக் கோவை

பட்டியல், முன்னர் எடுத்த படங்கள், சேதப் படங்கள், மதிப்பீட்டுப் பக்கம், கூலி கொடுத்த பற்றுச்சீட்டுகள், எழுதியவர் எத்தனை மணி வேலை செய்தார் என்ற நாட்குறிப்பு ஆகியவற்றை ஒரே கோவையாக்குங்கள். சங்க அங்கத்தவரே கூலியில்லாமல் எழுதிக் கொடுத்தால் அதற்குப் பணம் கேட்பது கடினம். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் நிர்வாகக் கூட்டத்தில் கூலியைத் தீர்மானித்துப் பதியுங்கள்.

தொகை குறைந்தாலோ கோரிக்கை மறுக்கப்பட்டாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவு முதற்படி. அங்கே தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் எழுதலாம். மூலத்தை அனுப்பாதீர்கள், பிரதியை மட்டும் அனுப்பி, பதிவுத்தபால் சீட்டைக் கோவையில் வையுங்கள்.

பத்திரம் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னரே பட்டியலையும் கூலி விலையையும் திருத்துங்கள். புதிதாகத் திறந்த பேரேடுகளைச் சேர்த்து, பிரதி எடுத்து முடித்தவற்றின் மதிப்பைக் குறைத்து, புதிய மதிப்பீட்டுப் பக்கத்தை நிறுவனத்துக்கு அனுப்பிப் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள்.